கிள்ளிப்பாலம் முதல் கிழக்கே கோட்டை வரை

நாகர்கோவிலிலிருந்து திருவனந்தபுரம் செல்ல ரயில் இருக்கிறது; சௌகரியமானது, கட்டணமும் சொற்பம். இருந்தும் பஸ்ஸில் போவதையே நான் வழக்கமாகக் கொண்டிருப்பதற்குக் காரணம், தக்கலை, மார்த்தாண்டம், களியக்காவிளை, பாறசாலை, நெய்யாற்றின்கரை, பாலராமபுரம், கரமனை என்று ஊர் ஊராகத் தொட்டுச் செல்லும் அந்தப் பழைய ராஜபாட்டையில், ஒரு பாஷை மெல்ல மெல்ல இன்னொரு பாஷையாக மாறுவதைக் காதால் கேட்டுக்கொண்டே போகலாம் என்பதுதான். நவராத்திரிக்கு முன் பத்மநாபபுரத்துச் சரஸ்வதி தேவியும், வேளிமலைக் குமாரசுவாமியும், சுசீந்திரத்து முன்னுதித்த நங்கையும் ஊர்வலமாகத் திருவனந்தபுரத்துக்கு எழுந்தருள்வதும் இந்த மார்க்கமாகவேதான். 1956 நவம்பர் 1-ஆம் தேதி குமரி மாவட்டம் தமிழகத்தோடு இணைந்து ராஜ்யத்தின் எல்லை மாறிய பின்பும் அத்தெய்வங்கள் தம் வழியை மாற்றிக்கொள்ளவில்லை. களியக்காவிளையில் இரண்டு மாநிலத்துப் போலீசாரின் மரியாதையையும் ஒருங்கே ஏற்றுக்கொள்ளப் பழகிக்கொண்டன, அவ்வளவே.

2026 தைப்பொங்கல் கழிந்த மறு வாரம் அவ்வழியே போனேன். எங்கள் பக்கத்துச் சுவர்களில் சினிமா நடிகர்களும் மாநிலத் தலைவர்களும் மஞ்சள் நீராட்டு விழாச் சிறுமிகளும் இடம் பிடித்திருக்க, எல்லை தாண்டியதும் சுவர்களின் முகம் மாறிவிட்டது. முந்தைய டிசம்பரில் நடந்து முடிந்த ஸ்தல ஸ்தாபனத் தேர்தலின் வேட்பாளர்கள், ஒரு மாதத்து வெயிலில் சாயம் வெளுத்துப்போயும் சிரிப்பு மட்டும் வெளுக்காமல், கைகூப்பியபடி மின்கம்பங்களிலும் மதிற்சுவர்களிலும் நின்றுகொண்டிருந்தார்கள். அவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் பெண்கள்; தொழில்முறை அரசியல்வாதிகளின் விறைப்பு ஏதுமின்றி, ரேஷன் கடை வரிசையில் நமக்கு முன்னால் நிற்கிறவர்களைப் போலவே காணப்பட்டார்கள். ஒரு வார்டின் மெம்பராவதற்கு இத்தனை காகிதமும் பசையும் செலவிட வேண்டுமா என்று பஸ்ஸில் பக்கத்தில் இருந்தவர் சலித்துக்கொண்டார். எனக்கோ அந்தச் சுவர்களைப் பார்க்கப் பொறாமையாக இருந்தது. காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

கிள்ளிப்பாலத்தில் இறங்கி, சாலைக் கடைத்தெருவை மேற்கு நோக்கி நடந்தே கடந்து, கிழக்கே கோட்டை வாசலை அடைவது என் உத்தேசம். ஏறக்குறைய ஒரு மைல் தூரம். 'சாலை' என்ற பெயர் தமிழ் வாசகர்களுக்கு உடனே காந்தளூர்ச் சாலையை நினைவுபடுத்தும்; ராஜராஜ சோழனின் மெய்க்கீர்த்தியில் வருகிற அந்தச் சாலை கப்பல் தங்கும் துறையா, வேதமும் படைக்கலமும் பயிற்றிய கல்விச் சாலையா, அன்னசாலையா என்று சரித்திராசிரியர்கள் இன்றும் விவாதித்துக்கொண்டிருக்க, அருகிலுள்ள வலியசாலையில் காந்தளூர் மகாதேவர் கோயில் எந்த விவாதத்திலும் கலந்துகொள்ளாமல் அமைதியாக இருக்கிறது. கடைத்தெருவின் சரித்திரம் அத்தனை மூட்டமானதன்று. பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில், தர்மராஜா என்று பெயர் பெற்ற கார்த்திகைத் திருநாள் ராமவர்ம மகாராஜாவின் திவானாக விளங்கிய ராஜா கேசவதாஸ், ஆலப்புழைத் துறைமுகத்தை உண்டாக்கிய கையோடு, தலைநகரத்துக்கு வேண்டிய சரக்கெல்லாம் ஒரே வீதியில் கிடைக்க வேண்டுமென்று இதையும் உண்டாக்கினார். அவர் பிறந்த ஊர் இன்றைய குமரி மாவட்டத்தில் இருக்கிறது. அவரை ஆதரித்த மகாராஜா 1798-இல் காலமான மறு வருஷமே, பதவியிழந்து காவலில் இருந்த நிலையில், திவானும் மரணமடைந்தார். விஷம் வைக்கப்பட்டதாகவே இன்றும் ஜனங்கள் பேசிக்கொள்கிறார்கள். ஆக, இந்த வீதிக்கு அரசியல் புதிய சரக்கு அன்று.

காலை எட்டு மணிக்குச் சாலை தன் முழு வாசனையோடு விழித்திருந்தது. தோவாளையிலிருந்து விடியற்காலையில் வந்து சேர்ந்த பிச்சியும் கேந்தியும், பாளையோடு தொங்கும் ஏத்தன் குலைகள், ஓலைப் பெட்டியில் கருப்பட்டி, பெருங்காயம், நல்ல மிளகு, புதுக் கயிற்றின் தேங்காய்நார் மணம், பித்தளை உருளிகளின் மீது பட்டுத் தெறிக்கும் வெயில். மாசியில் வரவிருக்கும் ஆற்றுக்கால் பொங்காலையை எண்ணி மண்கலங்கள் இப்போதே ஒரு மூலையில் அடுக்கப்பட்டிருந்தன. ஒரு லாரியிலிருந்து சவாளா மூட்டைகள் இறங்கிக்கொண்டிருந்தன. சவாளா என்பது நம் பெரிய வெங்காயம். நீலச் சட்டையணிந்து, தலையில் சும்மாடு கட்டிய சுமட்டுத் தொழிலாளிகள் எட்டுப் பேர், கீழே நிற்பவன் குனியும் கணமும் மேலே நிற்பவன் மூட்டையைச் சரிக்கும் கணமும் ஒன்றாகும்படி, ஒரு சொல்லும் பேசாமல் வேலை செய்தார்கள். ஐம்பது கிலோ மூட்டை ஒருவன் கழுத்தில் வந்து அமரும்போது அவனுடைய முழங்கால் ஒரு விரற்கடை தாழ்ந்து மீண்டும் நிமிர்வதைச் சற்று நேரம் நின்று பார்த்தேன்.

அவர்களுடைய சங்கத்துக் கொட்டகை பத்தடி தூரத்தில் இருந்தது. கொடிமரம், ஒரு பெஞ்சு, கூலி விகிதம் எழுதிய பலகை, பெஞ்சின் மீது இரண்டு மலையாளப் பத்திரிகைகள். முறை வராத தொழிலாளி ஒருவர் மூக்குக்கண்ணாடி அணிந்து தலையங்கத்தை வாசித்துக்கொண்டிருந்தார். சினிமாப் பக்கமன்று, தலையங்கம். 1978-ஆம் வருஷத்துச் சுமட்டுத் தொழிலாளர் சட்டத்துக்குப் பின், யார் எங்கே சுமை இறக்கலாம், எந்தச் சங்கத்துக்கு எந்த எல்லை, கூலி எவ்வளவு என்பதெல்லாம் இங்கே ஏட்டிலும் பலகையிலும் எழுதப்பட்டு விட்டன. அதன் மறுபக்கமும் எனக்குத் தெரியும். பல ஆண்டுகளுக்கு முன், இந்த நகரத்தில் குடியிருந்த என் சகோதரிக்காக ஒரு மர அலமாரி வாங்கினேன். வண்டியில் ஏற்றியவர்கள் இருவர், கூலி வாங்கிக்கொண்டவர்கள் ஐவர். மற்ற மூவரும் பார்த்துக்கொண்டு நின்றதற்கு வாங்கிய அந்தப் பணத்துக்கு 'நோக்குகூலி' என்றே பெயர். 2018 மே தினம் முதல் அரசாங்கம் அதை நிறுத்திவிட்டதாக அறிவித்தது. என்னிடம் அன்று வாங்கிய தொகைக்காக எனக்கு இன்றும் மனத்தாங்கல் உண்டு; எனினும், எங்கள் ஊர்ச் சந்தைகளில் கிழிந்த சட்டையோடு சுமை தூக்கி, கொடுத்ததை வாங்கிக்கொண்டு போகிற மனிதர்களையும், கண்ணாடி அணிந்து தலையங்கம் வாசிக்கிற இவரையும் ஒருசேர நினைக்கும்போது, அந்த மனத்தாங்கலின் சூடு சற்றுத் தணிகிறது என்பதையும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும்.

எனக்கு அறிமுகமான கயிற்றுக்கடைக்காரர் ஒருவர் ஆரியசாலைப் பக்கம் இருக்கிறார். இரணியலிலிருந்து பாட்டனார் காலத்தில் வந்த குடும்பம். வீட்டில் தமிழ், கடையில் மலையாளம், கணக்கில் இரண்டும். கடைக்கு முன்னால் ஓடையின் ஸ்லாபு ஒன்று பெயர்க்கப்பட்டு, கறுத்த சேறு கரையில் வாரிப் போடப்பட்டிருந்தது. நான் மூக்கைப் பொத்திக்கொண்டதைக் கண்டு அவர் சிரித்தார்.

"நேத்துத்தான் அள்ளினாங்க சார். காய்ஞ்சாத்தான் வண்டியில ஏத்துவாங்க. இந்தச் சேறு இங்க வரதுக்கு ஒரு பாடு கதை உண்டு, பாத்துக்கிடுங்க."

அந்தக் கதையை விளங்கிக்கொள்ளத் தேர்தலைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும். 1920-இல் நகரசபையாகவும் 1940-இல் சித்திரைத் திருநாள் மகாராஜா காலத்தில் கார்ப்பரேஷனாகவும் ஆன இந்த ஸ்தாபனம் பல பத்தாண்டுகளாக இடதுசாரிகளின் வசம் இருந்தது. 2020-இல் இருபத்தொரு வயது கல்லூரி மாணவியான ஆர்யா ராஜேந்திரனை மேயராக்கி அவர்கள் தேசத்தையே திரும்பிப் பார்க்கச் செய்தார்கள். 2025 டிசம்பர் தேர்தலில் 101 வார்டுகளில் 50-ஐப் பாரதிய ஜனதா கட்சி வென்று, வி. வி. ராஜேஷ் மேயரானார். நான் போனபோது புதிய சபைக்கு ஒரு மாதம்கூட நிறையவில்லை. எனவே கடைத்தெருவில் அபிப்பிராயங்களுக்குப் பஞ்சமே இல்லை. பழையவர்கள் அகந்தையால் தோற்றார்கள் என்றார் ஒருவர். எதிரணி வாக்குகள் பிரிந்ததால் தோற்றார்கள் என்றார் இன்னொருவர். யார் வந்தாலும் மழைக்குக் கிழக்கே கோட்டையில் முழங்கால் தண்ணீர்தான் என்றார் சாயாக்கடைக்காரர், பாலை ஓங்கி ஆற்றியபடியே.

கயிற்றுக்கடைக்காரரின் அபிப்பிராயம் வேறு ரகம். "ஜெயிச்சவர் நம்பரும் எங்கிட்ட உண்டு, தோத்தவங்க ரெண்டு பேரு நம்பரும் உண்டு. ஓடை அடைச்சா முதல்ல ஜெயிச்சவரை ஒரு தரம் விளிப்பேன். 'பாக்கலாம் அண்ணாச்சி'ன்னு சொல்லுவார். ரெண்டு நாள் பொறுப்பேன். அப்புறம் தோத்தவரை விளிப்பேன். அவர் அன்னைக்கே வந்து ஸ்லாபு மேல நின்னு போட்டோ எடுப்பார். மறுநாள் காலம்பற வேலை நடக்கும்."

"அப்படியானால் நீங்கள் எந்தக் கட்சி?" என்று கேட்டேன்.

"கயிறு விக்கிறவன் சார். மூணு கொடிமரத்துக்கும் நம்ம கடைக் கயிறுதான்."

தோற்றுப்போன வேட்பாளருக்கும் ஊரில் ஓர் உத்தியோகம் இருக்கிறது என்பது எனக்குப் புதிய செய்தி. ராஜ்ய தர்மத்தைப் பற்றிப் பெரிய பெரிய கிரந்தங்கள் எழுதியவர்கள் இதைக் கவனித்ததாகத் தெரியவில்லை. நான் சில வருஷங்களுக்கு முன் கனடாவில், ஒன்டாரியோ மாகாணத்துச் சிற்றூர் ஒன்றில், என் மருமகன் வீட்டில் இரண்டு மாதம் தங்கியிருந்தபோது, அவ்வூர் நகரசபைக் கூட்டத்துக்கு வேடிக்கை பார்க்கப் போயிருந்தேன். அங்கே ஸ்தல ஸ்தாபன வாக்குச்சீட்டில் கட்சிப் பெயர் கிடையாது. நான்கு வருஷத்துக்கு ஒரு தரம், அக்டோபர் மாதத்தில், தனி மனிதர்களாகவே நிற்கிறார்கள். அன்று ஒரு மூதாட்டி எழுந்து, பனி வாரும் வண்டி தம் வீட்டு வாசலிலேயே பனியைக் குவித்துவிட்டுப் போவதாகத் தாழ்ந்த குரலில் முறையிட்டார். சபையினர் பொறுமையோடு கேட்டு, நன்றி கூறி, அறிக்கை கேட்டிருப்பதாகத் தெரிவித்தார்கள். அந்த மரியாதையில் நான் சொக்கிப்போனேன். ஆனால் கூடத்தில் பார்வையாளர்கள் என்னையும் சேர்த்து ஏழு பேர்தாம். 2022-இல் அந்த மாகாணத்து நகரசபைத் தேர்தல்களில் பத்துக்கு நான்கு பேர்கூட வாக்களிக்கவில்லை. கேரளத்து ஸ்தல ஸ்தாபனத் தேர்தல்களிலோ நாலுக்கு மூன்று பேர் வாக்களிக்கிறார்கள். கட்சி என்ற ஒன்று இல்லாத இடத்தில் சண்டை இல்லை என்பது மெய்யே. தோற்ற பின்பும் ஊரைச் சுற்றி வருவதற்கு யாருக்கும் காரணமும் இல்லை.

இதை வைத்துச் சாலையின் கட்சி அரசியலை நான் தலைமேல் தூக்கி வைத்துக் கொண்டாடுவதாக வாசகர்கள் எண்ண வேண்டாம். கட்சிகளெல்லாம் சேர்ந்தும் செய்ய முடியாமற்போன காரியங்கள் இந்நகரத்தில் உண்டு. 2024 ஜூலை 13-ஆம் தேதி, ஆமையிழஞ்சான் தோடு என்னும் ஓடை தம்பானூர் ரயில் நிலையத்தின் அடியே ஓடும் இருண்ட பகுதியில், குப்பையை வாரி அகற்ற இறங்கிய ஒரு தொழிலாளி வெள்ளத்தில் அடித்துச் செல்லப்பட்டார். நாற்பத்தாறு மணி நேரத்துக்குப் பின் அவருடைய உடல் கிடைத்தது. அந்தக் குப்பை ரயில்வேயின் குப்பையா, கார்ப்பரேஷனின் குப்பையா என்ற தர்க்கம் தேடுதல் நடந்துகொண்டிருக்கும்போதே ஆரம்பித்துவிட்டது. கயிற்றுக்கடைக்காரர் இதைச் சொல்லும்போது சிரிக்கவில்லை. "அந்த ஓடையில மிதந்த பிளாஸ்டிக்கு எந்தக் கடையில கொடுத்ததோ, யார் கண்டா" என்று மட்டும் சொல்லிவிட்டுத் தம் கடையின் பைகளைப் பார்த்தார்.

நகரத்துக் குப்பையெல்லாம் முன்பு விளப்பில்சாலை என்ற கிராமத்துக்குப் போய்க்கொண்டிருந்தது. 2000-ஆம் ஆண்டில் அங்கே அமைத்த ஆலையின் நாற்றமும் கழிவுநீரும் பொறுக்க முடியாமல் கிராமத்தார் வருஷக்கணக்கில் போராடினார்கள். கடைசியில் 2011 டிசம்பரில் அவ்வூர்ப் பஞ்சாயத்தே ஆலையின் வாசலைப் பூட்டிவிட்டது. ஒரு கிராமப் பஞ்சாயத்து, தலைநகரத்துக் கார்ப்பரேஷனின் வாசலுக்குப் பூட்டுப் போடுகிறது! கோர்ட்டு உத்தரவும் போலீஸ் பட்டாளமும் வந்த பின்பும், ஆணும் பெண்ணும் ரஸ்தாவில் படுத்து வண்டிகளைத் திருப்பி அனுப்பினார்கள். அந்த நாட்களில் சாலைத் தெருவின் ஒவ்வொரு முடுக்கிலும் குப்பை எரிந்துகொண்டிருந்ததாகவும், மிளகு வாசனையே ஊரைவிட்டுப் போய்விட்டதென்று நினைத்ததாகவும் கடைக்காரர் நினைவுகூர்ந்தார். நகரம் தன் குப்பையைத் தானே மக்கவைத்துக் கொள்ளக் கற்றது அதற்குப் பிறகுதான். நாங்கள் பேசிக்கொண்டிருக்கையிலேயே பச்சை மேலங்கி அணிந்த இரண்டு பெண்கள், ஹரித கர்ம சேனையைச் சேர்ந்தவர்கள், சாக்குப் பையோடு வந்து, கழுவிக் காயவைத்த பிளாஸ்டிக்கை எண்ணி வாங்கி, கதவில் ஒட்டியிருந்த கியூ.ஆர். கட்டத்தைக் கைப்பேசியில் பதிவு செய்து, கட்டணத்தையும் கேட்டார்கள். கழுவாத ஒரு பாக்கெட்டை ஒருத்தி திருப்பிக் கொடுத்துவிட்டாள். "சேச்சி, இது ஒண்ணுதானே" என்று கடைக்காரர் கெஞ்சிப் பார்த்தும் பலிக்கவில்லை.

பூட்டு என்றதும் ஹர்த்தாலைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். 'பந்த்' சட்டவிரோதம் என்று கேரள ஹைகோர்ட்டு 1997-இல் தீர்ப்பளித்து, சுப்ரீம் கோர்ட்டும் அதை ஊர்ஜிதம் செய்த பின், அதே காரியம் 'ஹர்த்தால்' என்ற நாமகரணத்தோடு தொடர்ந்தது. அடுத்தடுத்து வந்த ஹர்த்தால்களில் சலித்துப்போன மாநில வியாபாரிகள் 2019-ஐ ஹர்த்தால் எதிர்ப்பு ஆண்டாகவே பிரகடனம் செய்தார்கள். ஏழு நாள் முன்னறிவிப்பு வேண்டுமென்று ஹைகோர்ட்டும் கூறியது. இப்போது குறைந்திருக்கிறதா என்று கேட்டதற்கு, "குறைஞ்சிருக்கு, ஆனா பூட்டுக்கு எண்ணெய் போட மறக்கதில்லை" என்றார் அவர்.

சாலையைப் பற்றி எழுதப் புகுந்துவிட்டு ஆ. மாதவனைச் சொல்லாமல் விடுவது அபசாரமாகும். இந்தக் கடைத்தெருவில் 'செல்வி ஸ்டோர்ஸ்' என்ற கடையை நடத்திக்கொண்டே, கல்லாப்பெட்டிக்குப் பின்னாலிருந்து பார்த்த மனிதர்களையெல்லாம் கதையாக்கியவர் அவர்; 2015-இல் சாகித்ய அகாதெமி விருது பெற்று, 2021 ஜனவரியில் மறைந்தார். சுமை தூக்குகிறவனும், சில்லறைத் திருடனும், வீதியில் உறங்குகிறவளும் அவருடைய கதைகளில் முழு மனிதர்களாக நடமாடுவதற்குக் காரணம், அவர்களை அவர் தினமும் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருந்ததுதான். இந்நகரத்துத் தமிழர்கள் தமக்கென்று தனிக் கொடி தூக்கியதில்லை. தமிழ்வழிப் பள்ளியில் ஆசிரியர் குறைந்தால் மனுக் கொடுப்பார்கள், தமிழ்ச் சங்கத்தில் கூடுவார்கள், பொங்கலுக்குக் கேரள அரசு இந்த மாவட்டத்துக்கு விடுமுறை விடுவதை மகிழ்ச்சியோடு அனுபவிப்பார்கள். மற்றபடி மூன்று கட்சியிலும் பரவலாக இருப்பார்கள்.

கிழக்கே கோட்டையை அடையும்போது வெயில் ஏறிவிட்டது. இதே வீதிகளில்தான் ஆற்றுக்கால் பொங்காலையன்று லட்சக்கணக்கான பெண்கள் செங்கல் அடுப்பு மூட்டி, கண்ணகியின் அம்சமென்று கருதப்படும் அம்மைக்குப் பொங்கல் வைப்பார்கள். அடுப்பு அணைந்த சில மணி நேரத்துக்குள் கார்ப்பரேஷன் தொழிலாளர்கள் தெருக்களைப் பெருக்கிக் கழுவிவிடுவதையும், அந்தச் செங்கற்களைச் சேகரித்து ஏழைகளின் வீடுகட்டும் திட்டத்துக்குக் கொடுப்பதையும் முன்பு ஒரு முறை நேரில் கண்டிருக்கிறேன். கரி படிந்த செங்கல்லை ஒரு தொழிலாளி இரண்டு கையாலும் எடுத்து, தரையில் தட்டிச் சாம்பலை உதிர்த்துவிட்டு வண்டியில் அடுக்கினாள்; யாரும் மேற்பார்வை பார்க்கவில்லை.

திரும்பும் பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. காலையில் நான் பொறாமைப்பட்ட அதே சுவர்கள் மறுபடியும் எதிர்ப்பட்டன. 1995 தொடங்கி 2000, 2005, 2010, 2015, 2020, 2025 என்று ஐந்தாண்டுக்கு ஒரு முறை தவறாமல், கொள்ளைநோய்க் காலத்தில்கூட நிறுத்தாமல், கேரளத்தார் ஸ்தல ஸ்தாபனத் தேர்தல் நடத்தியிருக்கிறார்கள். 1688-இல் தோன்றி இந்தியாவிலேயே மூத்ததென்று நாம் பெருமை பேசும் சென்னை மாநகராட்சியோ, 1973-இல் கலைக்கப்பட்டு, 1996 வரை தேர்ந்தெடுத்த சபையின்றி அதிகாரிகளால் ஆளப்பட்டது. பிறகு 2016 அக்டோபரில் பதவிக்காலம் முடிந்த நம் நகரசபைகளுக்கெல்லாம் 2022 பிப்ரவரி வரை தேர்தலே வரவில்லை. கோர்ட்டு, வார்டு வரையறை, இட ஒதுக்கீடு என்று ஒவ்வொரு தாமதத்துக்கும் ஒரு காரணம் இருந்தது. அத்தனை காரணங்களும் எல்லைக்கு அப்பாலும் உண்டு, அங்கே தேர்தல் நடந்தது.

களியக்காவிளை தாண்டியதும் நடத்துநர் தமிழில் டிக்கெட் கேட்டார். எங்கள் கிராமத்தில் நான் இறங்கும்போது இருட்டிவிட்டது. என் வீட்டுக்கு முன்னால் உள்ள ஓடையும் தை பிறப்பதற்கு முன்பிருந்தே அடைத்துக்கொண்டு கிடக்கிறது. குமரி மாவட்டத்துக் கிராம ஊராட்சிகளின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ஆம் தேதி முடிந்துவிட்டது. அதன் பிறகு தேர்தல் நடக்கவில்லை, தனி அலுவலர்தான் நிர்வாகம். ஜெயித்தவரும் இல்லை, தோற்றவரும் இல்லை. கூப்பிட்டுச் சொல்வதற்கு என் கைப்பேசியில் ஒரு நம்பரும் இல்லை.